நடுப்பாட்டுக்கு இரண்டு மார்க்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தங்கை கௌரியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு, பழவேற்காடு ஏரிக்கரையில், தலைமுறை தலைமுறையாக வலை போட்ட ஒரு வீட்டில், வாழை இலை விரித்து முருங்கைக்காய் சாம்பார் ஊற்றப்பட்டது. அதற்கு முழுப்பொறுப்பும் நான்தான். ஏரியில் மீன் இல்லாமல் இல்லை. நைனாவுக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) உடம்பு சரியில்லாமல் இல்லை. புயல் இல்லை, மழை இல்லை. நான் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் குப்பம் தோணிரேவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் கௌரி. (இந்த முதல், இரண்டாவது என்ற சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என் கழுத்தைப் பிடிக்கப் போகின்றன.) பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. புள்ளியியல் சேர்ந்திருந்தேன். வகுப்பு ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புதுச் செருப்பு வாங்கியவன் வீட்டுக்குள்ளேயும் அதைப் போட்டுக்கொண்டு நடப்பதைப் போல, நான் எதைப் பார்த்தாலும் சராசரி எடுத்துக்கொண்டிருந்தேன்.

பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் 'தரவுகளும் அளவைகளும்'. புரட்டிப் பார்த்தேன். கதை மாதிரி பத்தி பத்தியாக இருந்தது. ஒரு கணக்குகூட இல்லை. கணக்கு இல்லாத அத்தியாயத்தை மதிக்கக்கூடாது என்பது அன்றைக்கு என் கொள்கை. நேராக இரண்டாவது அத்தியாயத்துக்குத் தாவிவிட்டேன். அதன் பெயர் 'சராசரிகள்'. அங்கே கணக்குகள் வரிசையாகக் காத்திருந்தன.

பூஜை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு நீளமான நோட்டு வாங்கி வந்தேன். முதல் காரியமாக, அந்த மாதத்தில் எந்தெந்த நாள் எந்தக் காற்று அடித்தது என்று நைனாவிடம் கேட்டு எழுதினேன். காற்றின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதக் கை வலித்ததால் வடக்கிலிருந்து வரும் வாடைக்கு ஒன்று, கிழக்குக் கொண்டலுக்கு இரண்டு, தெற்குத் தென்றலுக்கு மூன்று, மேற்குக் கச்சானுக்கு நான்கு என்று எண் கொடுத்தேன். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தேன்.

"நைனா, இந்த மாசத்து சராசரி காத்து ரெண்டு புள்ளி நாலு."

நைனா வலையின் கிழிசலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அது எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்கும்?"

நான் யோசித்தேன். கொண்டலுக்கும் தென்றலுக்கும் நடுவில், ஆனால் கொஞ்சம் கொண்டல் பக்கமாக, தென்கிழக்கிலிருந்து என்று கையைக் காட்டினேன்.

"இந்த மாசம் அங்கேர்ந்து ஒரு நாளும் அடிக்கலியேடா" என்றார். பிறகு, என் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு, "செரி, நோட்ல இருக்கட்டும், எங்க பூடப் போவுது" என்றார்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்த விடுமுறையில்தான் கௌரிக்கு வரன் வந்தது. பையன் பெயர் வேலு. லைட்ஹவுஸ் குப்பம். கடலைப் பார்த்த ஊர். ஃபைபர் படகில் கடலுக்குப் போகிற குடும்பம். கடல்காரர்களுக்கு ஏரிக்காரர்களைப் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு. நாங்கள் முட்டியளவு தண்ணீரில் நின்றுகொண்டு மீன் பிடிப்பதாக நடித்துக்கொண்டிருக்கிறோம் என்று. எங்களுக்கும் அவர்களைப் பற்றி ஒன்று உண்டு. நல்ல இறால் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது என்று.

தரகரிடம் அம்மா இரண்டு விஷயங்களைச் சொல்லி அனுப்பியிருந்தாள். "பொண்ணு பத்தாவதுல கிளாஸ்ல ரெண்டாவது ரேங்க்கு. அப்புறம், வர்றவங்களுக்கு ஏரி இறா இன்னான்னு நாங்க காட்றோம்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி, பத்துப் பதினோரு பேர் என்று பதில் வந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும்.

ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்தவர் வலை கட்ட முடியாது. 'பாடு' என்று உண்டு. பாடு என்றால் வலை கட்டுகிற இடம், அந்த இடத்துக்கான முறை, இரண்டும்தான். எங்கள் குப்பத்துக்கு மூன்று பாடுகள். கடல் நீர் ஏரிக்குள் ஏறுகிற வழியில் இருப்பது முகப்பாடு. அடுத்தது நடுப்பாடு. எங்கள் கரையை ஒட்டியது கரைப்பாடு. சீட்டுப் போட்டு, படகுக்குப் படகு முறை வைத்துக்கொள்வார்கள். முகப்பாட்டு முறை பத்து நாளைக்கு ஒரு தரம் வரும். அதற்கு மட்டும் ஒரு மூங்கில் கழி உண்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டி, அந்தந்தக் குடும்பத்தின் குறி வெட்டியிருக்கும். வாசல் கதவுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருப்பார்கள். அதுதான் அந்த வீட்டின் பங்குக்கு அடையாளம். பெரிய தப்புச் செய்தவனைப் பாட்டிலிருந்து தள்ளிவைக்கும்போது ஊர் முதலில் வந்து பிடுங்குவது அந்தக் கழியைத்தான்.

இரண்டாவது வழக்கம் விருந்து பற்றியது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் இலையில் விழும் முதல் மீன் சொந்த வலையில் பட்டதாக இருக்க வேண்டும். வாங்கிப் போடக்கூடாது, அடுத்த வீட்டில் கேட்டும் போடக்கூடாது. போட்டால் வலை காய்ந்த வீடு என்று பெயர் வந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முகப்பாட்டில் யார் முறை தெரியுமா? எங்கள் முறை.

"அம்மனே பாத்து குடுத்தா மாதிரி இருக்குது" என்று நைனா கழியை எடுத்து எண்ணெய் தடவினார். அவர் பாடி நான் கேட்டதில்லை. அன்று ஏதோ முணுமுணுத்தார்.

நானும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் மடியில் நோட்டு இருந்தது.

பாடுகளுக்கு மார்க் போட்டேன். முதல் இடத்தில் உள்ள முகப்பாட்டுக்கு மூன்று மார்க். இரண்டாவது நடுப்பாட்டுக்கு இரண்டு. மூன்றாவது கரைப்பாட்டுக்கு ஒன்று. ஊரில் யாரைக் கேட்டாலும் இந்த வரிசையைத்தான் சொல்வார்கள், ஆகவே தரவு சுத்தமானது. இப்போது பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் முகப்பாடு என்றால் மூன்று மார்க். அதை விட்டுக்கொடுத்து, சனியும் ஞாயிறும் இரண்டு நாள் நடுப்பாடு வாங்கினால் இரண்டும் இரண்டும் நான்கு மார்க். ஒரு மார்க் லாபம்! அதுவும் ஒரே நாளை நம்பியிருக்காமல் இரண்டு நாளில் பிரித்துப் போடுகிற பாதுகாப்பு வேறு. எனக்குப் புல்லரித்தது. இத்தனை காலமாக இந்த ஊரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று, அவர்கள்மேல் லேசாக இரக்கம்கூட வந்தது.

அந்த சனி, ஞாயிறு நடுப்பாட்டு முறை துலுக்காணம் மாமாவுடையது. நாலு வீடு தள்ளி இருப்பவர்.

நைனாவிடம் நோட்டை விரித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது, எண்கள் தெரியும். மூன்று, இரண்டு, இரண்டு, நான்கு என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்த மார்க்கு நீ போட்டதா, புஸ்தகத்துல இருக்குதா?"

"முறை புஸ்தகத்துல இருக்குது நைனா. மார்க்கு நான் போட்டேன்."

"இறாவுக்கு இது தெரியுமாடா?"

"நைனா, இது சயின்ஸ்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அய்யே, மொகப்பாட்டப் போயி எவனாவது குடுப்பானா? உன் புள்ளைக்கிதான் கிறுக்குன்னா உனுக்குமா?"

நைனா நோட்டை மூடி என் மடியில் வைத்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார். "அவன் படிக்கிறதுக்குன்னுதான அனுப்பிச்சோம். படிச்சிட்டு வந்து சொல்றான். கேக்கலேன்னா எதுக்கு அனுப்பிச்சோம்?"

இந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் அந்த நோட்டை எங்காவது ஒளித்துவைக்கத் தோன்றும். அன்று எனக்கு வந்தது பெருமை மட்டும்தான்.

துலுக்காணம் மாமாவிடம் நானே போய்ப் பேசினேன். அவர் பேரம் பேசுவார், இரண்டு நாளுக்குப் பதில் ஒன்றரை நாள் என்பார் என்று எதிர்பார்த்துப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். நான் வாயை மூடுவதற்குள் "செரி" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டே கோயிலுக்குக் கிளம்பிவிட்டார், ஒரு கை இன்னும் சட்டைக்குள் நுழையவில்லை. அம்மன் கோயில் வாசலில், ஊர்த் தலைவர் முன்னால், நைனா கழியை எடுத்து மாமா கையில் கொடுத்தார். கழி கை மாறினால் பேச்சு மாறாது. அதுதான் சட்டம்.

தலைவர் நைனாவையும் கழியையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா தேவராசு, உடம்பு கிடம்பு செரியில்லியா?"

"புள்ள கணக்கு போட்டிருக்கான்" என்றார் நைனா. நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார்.

சனிக்கிழமை விடிந்தது. நானும் நைனாவும் நடுப்பாட்டில் வலையைத் தூக்கினோம். அரைக்கிலோ காரப்பொடி. (அறியாதவர்களுக்காக: விரல் நீளத்தில் பளபளப்பாக இருக்கும் பொடி மீன். வாய்க்குள் போட்டால் முள்ளும் அதுவும் ஒன்றுதான்.) சட்டைப் பொத்தான் அளவில் நான்கு நண்டு. இடது கால் ரப்பர் செருப்பு ஒன்று. காரப்பொடியை அன்றே குழம்பு வைத்துவிட்டோம்.

"பரவால்ல நைனா. இன்னிக்கி கொறஞ்சா நாளைக்கி ஏறும். சராசரி அப்பிடித்தான் வேலை செய்யும்."

செருப்பைத் திரும்பத் தண்ணீரில் போடப் போன நைனா, என்ன நினைத்தாரோ, படகிலேயே வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. வலை தூக்கும்போதே லேசாக இருந்தது. அரைக்கிலோகூட இல்லை. எண்ணிவிடலாம். எண்ணினேன். முப்பத்து மூன்று காரப்பொடி. நண்டு இல்லை. வலது கால் செருப்புகூட வரவில்லை.

அப்போதுதான் முகப்பாட்டிலிருந்து துலுக்காணம் மாமாவின் குரல் தண்ணீர்மேல் மிதந்து வந்தது. அவர் மகன்களைத் திட்டிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு கூடை கொண்டுவராமல் விட்டதற்காக.

நைனாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. துடுப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முகப்பாட்டுக்கும் நடுப்பாட்டுக்கும் நடுவில் ஒரு மார்க் வித்தியாசம் என்று நான்தான் எழுதியிருந்தேன். உண்மையில் அங்கே ஒரு கடலே இருந்தது. கடல் ஏறி வரும்போது இறால் எல்லாம் முகப்பாட்டில் மாட்டிக்கொள்ளும். மிச்சம் மீதிதான் நடுப்பாட்டுக்கு. அதற்கும் மிச்சம் கரைப்பாட்டுக்கு. நடுவும் கரையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதை எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நோட்டைத் திறந்தபோது மட்டும் மறந்துபோனது.

வீட்டில் மசாலா அரைத்து, எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துத் துடைத்து வைத்து, அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கூடையைச் சாய்த்து, அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

"துலுக்காணத்தாண்ட ரெண்டு கிலோ வாங்கியாரட்டுமா?" என்றாள், சத்தமில்லாமல்.

"வாணாம்" என்றார் நைனா.

கௌரி பாதி பின்னிய தலையோடு உள்ளேயிருந்து வந்தாள். கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "என் கல்யாணத்துக்கும் நீயே தேதி பாத்துடாத, சராசரி எடுத்து ரெண்டு முகூர்த்தத்துக்கு நடுவுல வெச்சிடுவ" என்று சொல்லிவிட்டுப் பின்னிக்கொண்டே உள்ளே போனாள். அவள் குரல் உடைந்திருந்தது. அது எனக்கு மட்டும் கேட்டது.

கொல்லையில் முருங்கை மரம் இருந்தது. அன்று அது எங்கள் மானத்தைக் காப்பாற்றியது என்று சொல்ல ஆசைதான். காப்பாற்றவில்லை.

பதினொரு மணிக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சொன்னபடி பதினோரு பேர். வேலுவின் அம்மா, பெரிய மூக்குத்தி, அதைவிடப் பெரிய குரல். வேலுவின் மாமா ஒருவர், மீசைக்காரர், கடலில் மூழ்கி எழுந்தவர்போல எதையும் உற்றுப் பார்ப்பவர். வேலு ஒரு ஓரமாக நின்றுகொண்டு தன் கைக்குட்டையோடு போராடிக்கொண்டிருந்தார். காபி ஆயிற்று, கௌரி வந்து தட்டு நீட்டி உள்ளே போயாயிற்று. இலை போட்டார்கள்.

இலையில் அப்பளம் வந்தது. முட்டை வந்தது. பிறகு ஆளுக்கு மூன்று காரப்பொடி வந்தது. முப்பத்து மூன்றைப் பதினொன்றால் வகுத்தேன், மீதமில்லாமல் வந்தது. அந்த இரண்டு நாளில் நான் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அதுதான். பிறகு அம்மா தலையைக் குனிந்துகொண்டு சாம்பாரை ஊற்றினாள்.

அப்பளத்தைத் தவிர யாரும் எதையும் தொடவில்லை.

"இன்னா அண்ணி, இன்னிக்கி எதுனா விரதமா?" என்றாள் வேலுவின் அம்மா.

மீசைக்காரர் இலையைப் பார்க்கவில்லை. அவர் வந்ததிலிருந்து கதவுக்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு நீளக் கோடாகத் தெரிந்தது. கழி சாத்தி வைத்த அடையாளம். கழி இல்லை.

"கழி எங்கங்க?" என்றார்.

"இன்னிக்கி முறைய மாத்திக் குடுத்துட்டேன்" என்றார் நைனா.

"மொகப்பாட்டு முறையவா?"

"ஆமா."

"பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கா?"

"ஆமாங்க."

மீசைக்காரர் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "நானும் ஏரில பொண்ணு எடுத்தவன்தான். மொகப்பாட்ட எந்த மடையனும் மாத்திக் குடுக்க மாட்டான். நேரா கேக்குறேன், கோச்சிக்காதீங்க. உங்களப் பாட்டுலேர்ந்து தள்ளி வெச்சிருக்காங்களா? கழிய ஊர்ல புடுங்கிட்டாங்களா?"

பாட்டிலிருந்து தள்ளிவைத்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். வேலுவின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். எழுந்திருக்கப் போகிறவள் செய்வது அது. நைனா என்னைக் கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். ஊர் முன்னால் நிமிர்ந்த நெஞ்சு அது.

நான் ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தேன்.

"மாமா, நைனா மேல தப்பில்ல. நான் போட்ட கணக்கு" என்று பக்கத்தை விரித்து விளக்கினேன். முதல் பாட்டுக்கு மூன்று, இரண்டாவதுக்கு இரண்டு, இரண்டு நாளைக்கு நான்கு, ஆகவே ஒரு மார்க் லாபம். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு தெளிவாக நான் எதையும் விளக்கியதில்லை. அதுதான் பிரச்சினை. எவ்வளவு தெளிவாக விளக்கினேனோ அவ்வளவு முட்டாள்தனமாகக் கேட்டது.

மீசைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப கரைப்பாட்டுக்கு ஒரு மார்க்கு?"

"ஆமா மாமா."

"நாலு நாளு கரைப்பாட்டுல கட்னா மொகப்பாட்ட விட ஜாஸ்தி?"

"...கணக்குப்படி."

"வேலு, இன்னா சொல்றான் கேட்டியா? நாப்பது நாளு கரைப்பாட்டுல கட்னா திமிங்கலமே புடிக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. "தம்பி, நீ பட்டணத்துல எம்.எஸ்சி. படிக்கிற புள்ளன்னு சொன்னாங்க. படிச்ச புள்ள இப்பிடிப் பண்ணுவான்னு சொன்னா யாரு நம்புவா? நைனாவக் காப்பாத்தணும்னு கதை கட்ற. நல்ல புள்ளதான், ஆனா கதை."

யோசித்துப் பாருங்கள். நான் முட்டாள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது, நிரூபிக்க முடியவில்லை. என் படிப்பு தடுத்தது.

அப்போது உள் அறையிலிருந்து கௌரி வெளியே வந்தாள். பெண் பார்க்கும் நாளில் பெண் கூப்பிடாமல் வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அம்மா "ஏய்" என்றாள். அவள் நிற்கவில்லை.

"எங்கண்ணன் அப்பிடித்தான் பண்ணுவான். அதுல ஒண்ணும் பொய் இல்ல" என்றாள் மீசைக்காரரிடம். "நான் பத்தாவதுல ரெண்டாவது ரேங்க்குனு சொன்னாங்க இல்ல?"

"ஆமா, சொன்னாங்க."

"நெசந்தான். மொத ரேங்க்கு எடுத்தவ நானூத்தி அறுவது. நான் எரநூத்தி பதினொண்ணு. மூணாவது எடுத்தவ எரநூத்தி பத்து. மீதி எல்லாம் ஃபெயிலு. ரெண்டாவதுன்னா மொதலாவதுக்குப் பக்கத்துல நிக்குதுன்னு எங்க வூட்ல அத்தினி பேரும் நெனச்சிகினு இருக்காங்க. எங்கம்மா ரேங்க்குல நெனச்சாங்க, எங்கண்ணன் பாட்டுல நெனச்சான். அதான் இன்னிக்கி சாம்பாரு. நைனா தள்ளி வெக்கிற வேலை எதுவும் செஞ்சதில்ல. செய்யவும் மாட்டாரு."

அம்மா சாம்பார் வாளியோடு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். நாலு வருஷம் ஊரெல்லாம் சொல்லி வந்த ரேங்க் அது.

அந்தக் கூடத்தில் முதலில் வந்த சத்தம் வேலுவிடமிருந்து. அதுவரை கைக்குட்டையை மட்டும் நம்பியிருந்தவர், அதை விட்டுவிட்டுக் கேட்டார்.

"மூணாவது எடுத்தவளுக்கும் உனுக்கும் ஒரு மார்க்குதானா?"

"அதுவும் தமிழ் பேப்பர மறுபடி கூட்டச் சொன்னதால வந்துது."

அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த அப்பளம் மாமாவின் மீசையில் போய் ஒட்டியது. வேலுவும் கௌரியும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

இந்த நேரம் பார்த்துத் துலுக்காணம் மாமா வந்தார். தோளில் எங்கள் கழி, கையில் மூடிய கூடை. முறை உச்சிவேளையோடு முடியும், முடிந்ததும் கழியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். கழியைச் சுவரில் அதன் இடத்தில் சாத்தினார். மீசைக்காரர் எழுந்து போய்க் குறியைத் தடவிப் பார்த்தார்.

"நெசமாவே மாத்திக்கினீங்களா?"

"ரெண்டு நாளா எனுக்குத் தூக்கமில்லங்க" என்றார் துலுக்காணம் மாமா. "எங்க இந்தப் புள்ள கணக்க மறுபடி பாத்துடுவானோன்னு."

மீசைக்காரர் அப்போதுதான் சிரித்தார். ஒருமுறை ஆரம்பித்தபிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நைனா நிமிர்ந்தார். வேலுவின் அம்மா செருகிய முந்தானையைத் தளர்த்தி இலைக்கு முன் நன்றாக உட்கார்ந்தாள்.

"பொய் சொல்லத் தெரியாத பொண்ணு. எங்க வூட்ல எல்லாம் புளுகனுங்க, ஒருத்தி இருக்கட்டும்" என்றாள். பிறகு ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "இன்னா ஒண்ணு, சாம்பாரு நல்லாத்தான் இருக்குது."

துலுக்காணம் மாமா கூடையைத் திறந்தார். வெள்ளை இறால், ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம், இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. நைனா கையை நீட்டித் தடுத்தார். இன்றைக்கு இலையில் போட மாட்டேன் என்றார். வேலுவின் அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எலைல போட்டாத்தான கொறை அண்ணே? கூடையோட எடுத்துனு போனா?"

எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் முறையில் பட்ட இறாலை லைட்ஹவுஸ் குப்பத்தில் வறுத்துச் சாப்பிட்டார்கள். நாங்கள் மிச்சமிருந்த சாம்பாரைச் சாப்பிட்டோம். நைனா மட்டும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்காகத்தான்.

அன்று சாயங்காலம் புத்தகத்தை எடுத்து, முதல் அத்தியாயத்தைப் படித்தேன். கணக்கே இல்லாத அந்த அத்தியாயம். ஒவ்வொரு பத்தியும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. சில எண்கள் வெறும் பெயர்தான், அடையாளத்துக்கு ஒட்டிய சீட்டு, அதைக் கூட்டக்கூடாது, வகுக்கக்கூடாது: என் சராசரி காற்று. சில எண்கள் வரிசையை மட்டும் சொல்லும், யார் முன்னால் யார் பின்னால் என்று. நடுவில் எவ்வளவு தூரம் என்று சொல்லாது: பாடு. சிலவற்றில் தூரம் சரியாக இருக்கும், ஆனால் அதன் பூஜ்யம் உண்மையான இன்மை இல்லை. அதனால் இருமடங்கு, மும்மடங்கு பேசக்கூடாது. (முந்தின வாரம் டீக்கடையில், மார்கழியில் இருபது டிகிரி, சித்திரையில் நாற்பது டிகிரி, ஆகவே சித்திரை வெயில் சரியாக இரண்டு மடங்கு என்று நான் விரிவுரை செய்திருந்தேன். நாலு பேர் தலையாட்டினார்கள்.) கடைசியாக, கூட்டவும் கழிக்கவும் வகுக்கவும் எல்லாம் செய்யத்தக்க எண்கள்: முப்பத்து மூன்று காரப்பொடி. நான்கு வகையில் மூன்றில் தவறியிருந்தேன். நாலாவதில் பாஸ்.

அந்தத் தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் விடாமல் முதலில் சாம்பார் கேட்டார்கள், வேண்டுமென்றே. இன்றுவரை வேலு மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தால், இறால் தொக்கு கொதித்துக்கொண்டிருந்தாலும், முதல் கரண்டி சாம்பார்தான். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னா நடுப்பாடு, சௌக்கியமா?" என்பார். அவர்கள் பெண் குழந்தைக்கு நாலு வயது, நான் "நடுப்பாட்டு மாமா". அது என் உண்மையான பெயர் இல்லை என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

நான் படிப்பை முடித்து, ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியராகச் சில வருஷம் இருந்தேன். முதல் வகுப்பில் கரும்பலகையில் ஒரு ஏரி வரைவேன். போன மாதம் ஒரு வேலைக்கான தேர்வு முடிவு வந்தது. இருந்தது இரண்டே இடம். முடிவைப் பார்த்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். நைனாதான் எடுத்தார். பின்னால் வலை ஈயக் குண்டுகள் உரசும் சத்தம்.

"நைனா, ரிசல்ட்டு வந்துட்ச்சி. ரேங்க்கு ரெண்டு."

ஈயக் குண்டு சத்தம் நின்றது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"மொதலாவது வந்தவனுக்கும் உனுக்கும் நடுவுல எவ்ளோடா?" என்றார்.

"அரை மார்க்கு நைனா."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப இது நடுப்பாடு இல்லடா" என்றார். பிறகு போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு உள்ளே கத்தினார். "ஏய், புள்ள பாஸாயிட்டான். வேலை கெடச்சிட்ச்சி!"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அப்ப முருங்கக்கா பறிக்கட்டுமா?"